ஆற்றில் விட்ட சீட்டுகள்

தாணுவை நேரில் பார்க்காதவர்களுக்கும் அவருடைய கையெழுத்து தெரியும். பம்பாய், டில்லி, ஜாம்ஷெட்பூர், பிலாய் என்று பிழைக்கப் போன தென்காசிக்காரர்கள் வீட்டுக்கு மாதம் ஒரு கவர் வரும். உள்ளே திருநீறும் குங்குமமும் தனித்தனிப் பொட்டலமாக இருக்கும். மேலே நீல மையில் விலாசம் முத்து முத்தாக இருக்கும். எழுதியவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், இங்கிலீஷ் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாதவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி அவர் விலாசத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துவிடுவார்.

பகலில் அவருக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை. குளிக்க வருகிறவர்களின் பேரையும் ஊரையும் நோட்டில் எழுத வேண்டும். சாயங்காலம் சைக்கிளை மிதித்துத் தென்காசிக்கு வந்து, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு சபைக்குப் போய்விடுவார். சபை என்பது பெரிய கோயிலைச் சேர்ந்ததல்ல. ஒரு கூடம், அதன் கோடியில் லோகநாயகி அம்பாளுக்கு ஒரு சின்னச் சன்னிதி, அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகுட்டிகளின் பேரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தந்த நட்சத்திரத்தன்று பேர் சொல்லி அர்ச்சனை நடக்கும். மறுநாள் பிரசாதம் தபாலில் போகும்.

ஆயிரத்துக்குமேல் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டைச் சீட்டு. அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழு தகரப் பெட்டி. சீட்டுகளை எல்லாம் எழுதி அடுக்கியவர் தாணு. பதினாறு வருஷமாகக் கூலி வாங்காமல் செய்த கைங்கரியம் அது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெட்டியைத் திறந்து அன்றைய பேர்களை எடுக்கும்போது, "இன்னைக்கு நம்ம பூரட்டாதிப் பிள்ளையளுக்கு அர்ச்சனை" என்று மனைவி முத்துவடிவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

எண்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் சபைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. காரியதரிசி பஞ்சாபகேசன் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மருமகன் ராமசேஷன் மெட்ராஸிலிருந்து காரில் வைத்துக் கொண்டுவந்தான். அதன் வயிற்றுக்குள் ஹார்டு டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆயிரம் பேர் என்ன, தென்காசி ஊரையே அடக்கலாம் என்றான். டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் நடத்தும் விஜயம் டீச்சர் தினமும் வந்து, தாணு பேரை வாசிக்க வாசிக்க, விலாசத்தைத் தானே பார்த்துக்கொண்டு, எல்லாச் சீட்டையும் அதில் ஏற்றினாள். இரண்டு மாதம் ஆயிற்று. அச்சடிக்கிற மெஷின் பிறகு வரும் என்றார்கள். அதுவரை டீச்சர் திரையைப் பார்த்து வாசிப்பாள், தாணு அன்றைய பேர்களைச் சிலேட்டில் எழுதிக் குருக்களிடம் கொடுப்பார். அர்ச்சனை முடிந்ததும் சிலேட்டை அழித்துவிடுவார். விலாசத்துக்கு மட்டும் திரையின் முன்னால் அவரே உட்கார்ந்து பார்த்து வரைவார்.

வைகாசி விசாகத்துக்கு முன்னால் பஞ்சாபகேசன் கூடத்தை ஒழிக்கச் சொன்னார்.

"ஓய் தாணு, இந்தத் தகரப் பெட்டியெல்லாம் எதுக்கு இன்னும்? அட்டையைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுடும்."

தாணு பக்கத்திலிருந்த பெட்டியை எட்டிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் அவர் பிள்ளையார் சுழி போட்டிருந்தார். பேர்களோ முக்கால்வாசி சாமி பேர்கள்.

"கடைக்கா? என்ன சாமி சொல்லுதிய? அவன் கடலை மடிச்சுல்லா குடுப்பான். தின்னுட்டு ரோட்டுல போடுவான், அதை நாலு பேரு மிதிப்பான். பிள்ளையார் சுழி போட்ட சீட்டு சாமி."

"அப்போ என்னதான் பண்ணணும்ங்கறீர்?"

"ஆத்துல விட்டுருவோம். அதான் முறை."

"எப்படியோ பண்ணித் தொலையும். கூடம் ஒழிஞ்சாப் போறும்."

சுள்ளென்ற வெயில் மாறி மலையில் மழை பிடித்திருந்த நேரம். சிற்றாற்றில் தண்ணீர் கலங்கி வந்தது. தாணு யானைப்பாலத்துப் படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இருபத்தேழு பெட்டிச் சீட்டையும் நட்சத்திர வரிசைப்படி விட்டார். நீல மை கரைந்து தண்ணீரோடு போயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டு கரையேறினார். ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

ஆடி பிறந்து எட்டாம் நாள் சாயங்காலம். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. கரண்ட் இருந்தது, கம்ப்யூட்டரை யாரும் தள்ளவுமில்லை, தட்டவுமில்லை. விஜயம் டீச்சர் எப்போதும்போலச் சுவிட்சைப் போட்டாள். உள்ளேயிருந்து தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு இரண்டு தடவை டக், டக். திரையில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி விழுந்தது.

"என்ன டீச்சர் சொல்லுது?" என்றார் தாணு.

"உள்ள ஒண்ணுமே இல்லேங்கறது, அண்ணாச்சி."

"இல்லைன்னா? நேத்துப் பாத்தோமே! நேத்து இருந்தது இன்னைக்கு எங்கன போவும்?"

அவள் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே துருவல். அதே வரி.

மூன்று நாள் கழித்து மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். பஸ்ஸில் வந்த களைப்பில் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, திருகாணியைக் கழற்றினான். செங்கல் கனத்தில் ஒரு இரும்புப் பெட்டியை வெளியே எடுத்தான். "இது போச்சு சார், இனிமே மூடி வச்சு என்ன" என்று அதையும் திறந்து காட்டினான். உள்ளே வட்டமாக ஒரு தட்டு. அதில் நகத்தால் பிறாண்டினாற்போல ஒரு வளையம்.

"படிக்கிற முள்ளு தட்டுல விழுந்து உரசிருச்சு. எடுக்க முடியாது."

"ஏன் விழுந்தது?" என்றார் பஞ்சாபகேசன்.

"விழும் சார். சிலது பத்து வருஷம் ஓடும், சிலது மூணு மாசத்துல போயிரும். அதுக்குத்தானே பிளாப்பியில ஒரு நகல் எடுத்து வைக்கிறது. பிளாப்பி எங்கே?"

பஞ்சாபகேசன் பீரோவைத் திறந்தார். ராமசேஷன் கொடுத்துவிட்டுப் போன பிளாப்பிப் பெட்டி, கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்காமல், சந்தனமும் குங்குமமும் வைத்து, உள்ளே பத்திரமாக இருந்தது. தூசி படக்கூடாது என்று பூட்டி வைத்தாராம்.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

யார்மேலாவது பழியைப் போட வேண்டும் அல்லவா? பஞ்சாபகேசன் விஜயத்தைப் பார்த்தார். கூடத்தில் எல்லோரும் இருக்க, குரலையும் தாழ்த்திக்கொள்ளாமல் கேட்டார்.

"ஏண்டி விஜயம், தூரமா இருக்கற நாள்ல வந்து இதைத் தொட்டியா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. நாற்பது பெண்களுக்கு டைப் சொல்லிக் கொடுக்கிறவள். மதுரைக்காரன் எதிரில், குருக்கள் எதிரில், தாணு எதிரில் இந்தக் கேள்வி.

"தொடல, மாமா" என்றாள்.

"யார் கண்டா? இந்தக் காலத்துப் பொம்மனாட்டிகள் ஆசாரம் பாக்கறதுகளா?"

தாணுவுக்கு வாயில் கைப்பு ஊறியது. அழுகின எலுமிச்சங்காயைக் கடித்தாற்போல இருந்தது. அம்பாளும் பெண்தானே, அவள் சன்னிதியில் நின்றுகொண்டு இப்படி ஒரு பேச்சா? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நின்றோமே என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காறிக் காறித் துப்பிக்கொண்டே போனார். விஜயம் அதற்குப் பிறகு சபைப் பக்கம் தலைகாட்டவில்லை.

"சோறு வேண்டாம்" என்றார் வீட்டில்.

"ஏன்? அந்தப் பெட்டி கெட்டதுக்கு ஒங்க வயிறு என்ன செய்யும்?" என்றாள் முத்துவடிவு.

"ஏட்டி, பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டிருந்தா இந்நேரம் அவன்கிட்ட போயிப் பாதியாவது வாங்கியிருக்கலாம். நான்லா ஆத்துல விட்டேன்! ஒண்ணு மிச்சமில்லாம, வரிசையா வேற விட்டேன்."

"நீங்க நல்லதுன்னுதானே செஞ்சிய."

"அதை நெனச்சாத்தான் கொமட்டுது."

மறுநாளிலிருந்து அவர் ஒரு கட்டுத் தாளோடு உட்கார்ந்தார். யோசித்தால் ஒன்றும் வரவில்லை. வரைந்த விலாசங்களுக்கு அர்த்தம் தெரிந்தால்தானே ஞாபகம் வரும்? கண்ணை மூடிக்கொண்டு பேனாவைத் தாளில் வைத்தபோது மட்டும் கை தானாகச் சில விலாசங்களைப் போட்டது. ஒரு வாரத்தில் எண்பத்தாறு தேறியது. பேரும் விலாசமும் வந்ததே தவிர நட்சத்திரம் வரவில்லை. சீட்டில் அவர் நட்சத்திரத்தை எழுதியதே கிடையாது. எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதுதான் அதன் நட்சத்திரம்.

அந்தத் தாள்களைக் கொண்டுபோய்ப் பஞ்சாபகேசனிடம் வைத்தார். "இவங்களுக்காவது கார்டு போட்டுரலாம் சாமி. இந்த மாதிரி அழிஞ்சுபோச்சு, நட்சத்திரம் எழுதி அனுப்புங்கன்னு. அவங்க சொந்தக்காரங்களுக்கும் சொல்லுவாங்க. மெள்ள மெள்ளச் சேத்துரலாம்."

"உமக்குப் பைத்தியமா? இப்பத்தான் போட்டோ போட்டு எல்லாருக்கும் அனுப்பியிருக்கோம், கம்ப்யூட்டர் வச்ச முதல் சபைன்னு. பம்பாய்ல சிரிப்பா சிரிப்பான். அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

ஏற்பாடு என்னவென்றால் ஒரு அச்சடித்த சீட்டு. 'தங்கள் குடும்பத்தார் பெயர் சொல்லி, அவரவர் நட்சத்திரத்தில் அர்ச்சனை செய்யப்பட்டது' என்று இருந்தது. பௌர்ணமி பௌர்ணமிக்கு இந்த எண்பத்தாறு பேருக்கும் போகும். மற்றவர்கள் பிரசாதம் வரவில்லை என்று கேட்டு எழுதினால் விலாசம் கிடைத்துவிடும், அவர்களுக்கும் இதே சீட்டு.

"அர்ச்சனை?" என்றார் தாணு.

"பிச்சுமணி குருக்கள் பொதுவா ஒரு சங்கல்பம் பண்ணிடுவார். எல்லாரும் அதுல அடக்கம்."

பிச்சுமணி குருக்கள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தலையாட்டினார். "சர்வ பக்தானாம்னு சொன்னாப் போறும். அம்பாளுக்குத் தெரியாத பேரா?"

"அம்பாளுக்குத் தெரியும் சாமி. சீட்டுல நாம சொன்னோம்னுல்லா போட்டிருக்கு?"

"ரொம்ப லா பாயிண்ட் பேசாதேயும்" என்றார் பஞ்சாபகேசன்.

ஆவணிப் பௌர்ணமிக்குத் தாணு எண்பத்தாறு கவரும் எழுதினார். எழுதியது அவர்தான், இதை மறைப்பதற்கில்லை. ஒவ்வொரு சீட்டையும் மடித்து உள்ளே வைக்கும்போது செத்த எலியை விரலால் எடுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. சன்னிதித் திருநீற்றை அள்ளிப் பொட்டலம் கட்டினார், அது வெறும் அடுப்புச் சாம்பலாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததற்கு அம்பாளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் எழுதினார். பதினாறு வருஷத்துப் பழக்கம், காரியதரிசி சொன்னால் கை எழுதிவிடுகிறது.

பத்துப் பன்னிரண்டு நாளில் பிலாயிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. பிரித்து வாசிக்கிறதும் தாணுவின் வேலைதான்.

'சபைப் பெரியவர்களுக்கு, அகிலாண்டேஸ்வரி நமஸ்காரம். பிரசாதம் கிடைத்தது. என் மகன் கணபதிசுப்பிரமணியன் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்தான். கவர் வந்த அன்றைக்குத்தான் கண் திறந்தான். அம்பாள் சன்னிதியில் அவன் பேரைச் சொன்னதால்தான் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். அவனுக்கு இருதயத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். டாக்டரிடம் மன்றாடி, அடுத்து வருகிற அவன் நட்சத்திரத்தன்றே நாள் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அங்கே அவன் பேர் அம்பாள் காதில் விழும் என்ற தைரியம்தான் எனக்கு. மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.'

அவ்வளவுதான் கடிதம். எந்த நட்சத்திரம் என்று எழுதவில்லை. எந்தத் தேதி என்றும் இல்லை. அவர்களுக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டாள்.

தாணுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய்க் கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு பஞ்சாபகேசன் வீட்டுக்குப் போனார்.

பஞ்சாபகேசன் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"பாத்தீரா? பலன் கிடைச்சிருக்கு! இதைப் பிரேம் போட்டுக் கூடத்துல மாட்டலாம்."

"சாமி, அந்தப் பையன் பேரை நாம சொல்லவே இல்லை."

"பொதுவாச் சொன்னோம்."

"நட்சத்திரம் என்னன்னு தந்தி அடிச்சுக் கேக்கணும். நாள் தெரியாது, நாளைக்கேகூட இருக்கலாம்."

"தந்தி அடிச்சா குட்டு உடைஞ்சு போயிடும். பேசாம ஒண்ணு பண்ணும். தினம் அவன் பேரைச் சொல்லச் சொல்லும். இருபத்தேழு நாளும் சொன்னா ஏதாவது ஒரு நாள் அவன் நட்சத்திரம் வந்துதானே ஆகணும்?"

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே தாணுவுக்கு இன்னும் அருவருப்பாயிற்று. ஒரு கெட்டிக்காரத்தனத்தை இன்னொரு கெட்டிக்காரத்தனத்தால் மூடிக்கொண்டே போகலாம் போலிருக்கிறது.

"இவனுக்கு ஆபரேஷன்னு காயிதம் வந்துட்டு, சொல்லுவோம். காயிதம் போடாம இதே மாதிரி நம்பிக்கிட்டு எத்தனை பேரு இருக்காங்களோ, அவங்களுக்கு? பொய் எழுதுன கை சாமி என் கை. எனக்கு அருவருப்பா இருக்கு."

"அப்போ எழுதாதேயும். இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் ஆயிரம் பேர் கிடைப்பான்."

"சரி" என்றார் தாணு. படியிறங்கினார்.

நேரே விஜயம் டீச்சர் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்றார். அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவர், கடிதத்தைத்தான் நீட்டினார். அவள் அதை வாங்கி வாசித்தாள்.

"அண்ணாச்சி, இதுக்கும் நான் தொட்டதுதான் காரணம்னு மாமா சொல்லப்போறாரா?"

"தொட்டவ கை சுத்தம் டீச்சர். எங்க கைதான் நாறுது. ஒரு தந்தி எழுதித் தாங்க."

அவள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். 'சீட்டு அழிந்துவிட்டது. அர்ச்சனை நடக்கவில்லை. பையன் நட்சத்திரம் தந்தி அடிக்கவும்.' பதில் விலாசம் தாணுவின் வீடு. தபாலாபீசில் அதைக் கொடுத்துவிட்டு, ஒரு கட்டு கார்டும் வாங்கி வந்தார். மற்ற எண்பத்தைந்து பேருக்கும் இதையே தமிழில் எழுதினார். பிள்ளையார் சுழி போடப் போனவர், இந்தச் சமாசாரத்துக்கு மேலேயா என்று பேனாவை எடுத்துவிட்டார்.

பதில் வருகிறவரை தினமும் விடிந்ததும் சன்னிதிக்குப் போய்ப் பேரைச் சொல்லி அர்ச்சனை கேட்டார். பிச்சுமணி குருக்களுக்கு எரிச்சல்.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"நட்சத்திரம் தெரியாமே என்னத்தைச் சங்கல்பம் பண்றது?"

"ஆயிரம் பேருக்குத் தெரியாமத்தானே செஞ்சிய? இவனுக்கும் செய்யுங்க."

குருக்கள் புஷ்பத்தை எடுத்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தந்தி வந்தது. முத்துவடிவு அதை வாங்கிக்கொண்டு, தந்தி என்றாலே சாவு என்று பயந்து, பஸ் பிடித்துக் குற்றாலத்து லாட்ஜுக்கே ஓடிவந்துவிட்டாள். அங்கே குளித்துவிட்டு வந்த ஒருவர் வாசித்தார். ஒரே வார்த்தை. கேட்டை.

தாணு பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மறுநாள் கேட்டை.

மறுநாள் சன்னிதியில் பேரும் நட்சத்திரமும் சேர்ந்து ஒலித்தன. குருக்கள் அவசரமாகச் சொல்லி முடித்தார். தாணு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பின்னால் வந்து நின்ற பஞ்சாபகேசன், தட்டு வெளியே வருகிறவரை காத்திருந்துவிட்டு, "பம்பாய்லேர்ந்து ரெண்டு பேர் உம்ம கார்டைப் பாத்துட்டு போன் பண்ணினா. இனிமே கூடத்துப் பக்கம் வராதேயும்" என்றார். தாணு பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குத் துக்கம் வரவில்லை. குமட்டல் நிற்கவும் இல்லை.

கார்டு கிடைத்தவர்களில் பாதிப் பேர் நட்சத்திரம் எழுதி அனுப்பினார்கள். சிலர் திட்டினார்கள். பலர் பதிலே போடவில்லை. வந்த கடிதங்களைத் தாணு சபை வாசலில் கட்டாக வைத்துவிட்டு வந்தார். எடுத்துப் பார்த்தார்களா என்று தெரியாது. புரட்டாசிப் பௌர்ணமிக்கும் அதே அச்சடித்த சீட்டு தபாலாபீசில் கட்டுக் கட்டாகக் கிடந்ததைத் தபால்காரர் சொன்னார். விலாசத்தை இப்போது யாரோ டைப் அடிக்கிறார்களாம்.

பிலாயிலிருந்து இரண்டாவது கடிதம் ஐப்பசியில் வந்தது. தாணு பேருக்கே வந்தது.

'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பையன் நடக்கிறான். உங்கள் தந்தியை வாசித்த இரவு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஐந்து வருஷமாக நான் கும்பிட்டுப் பூசிய திருநீறு எல்லாம் எப்படிப்பட்டது என்று இனி எனக்கு எப்படித் தெரியும்? முன்னே நடந்தது நிஜம் என்று நீங்கள் சொன்னாலும் நம்பத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. சொன்னது நல்லது என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. எப்படியானாலும் அந்தச் சபையில் என் பிள்ளை பேரை இனிமேல் யாரும் வாயில் எடுக்க வேண்டாம். நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவன் பேரை நான் இங்கேயே சாமிக்குச் சொல்லிக்கொள்கிறேன்.'

தாணு சத்தமாக வாசித்து முடித்தார். முத்துவடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க இந்தப் பொம்பளை இப்படி எழுதிட்டா! ஒங்களைப் போயி..."

"எழுதட்டும்ட்டி" என்றார் தாணு. "முழுக்க நியாயம். எனக்கு மட்டும்தான் நாறுதோன்னு பயந்துக்கிட்டுல்லா இருந்தேன்."

அன்றைக்குச் சோறு போடச் சொல்லி அவராகவே கேட்டார்.